ஏகமனது வேறு, ஒற்றுமை வேறு

(சங்க ஊழியர்களுக்கான வகுப்பில் ஆற்றிய உரை)

நம் சங்கங்களின் மினிட் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒரே வாக்கியம் கண்ணில் படும்: “தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.” பஞ்சாலைத் தொழிலாளர் சங்கமானாலும் சரி, விவசாயத் தொழிலாளர் சங்கமானாலும் சரி, இந்த வாக்கியத்தை எழுதும்போது காரியதரிசியின் பேனா துள்ளி ஓடுகிறது. ஆயிரம் பேர், ஒரே மனது! இதைக் கேட்டு முதலாளி நடுங்க மாட்டானா, மிராசுதார் இறங்கி வர மாட்டாரா என்று நமக்கும் தோன்றுகிறது.

ஆனால் கூட்டம் கலைந்த பிறகு டீக்கடைப் பெஞ்சில் என்ன பேச்சு நடக்கிறது? “எனக்கு அப்பவே சந்தேகம்தான். எல்லாரும் கை தூக்கினாங்க, நானும் தூக்கினேன்” என்கிறார் ஒருவர். “எதிர்த்துப் பேசினா நிர்வாகத்தோட ஆளுன்னு சொல்லிடுவாங்களேன்னு நான் வாயை மூடிக்கிட்டேன்” என்கிறார் அடுத்தவர். கூட்டத்தில் இருந்த ஒரே மனது டீக்கடைக்கு வருவதற்குள் பத்து மனதாகிவிட்டது!

இதில் எது உண்மையான முடிவு? கூட்டத்தில் தூக்கிய கையா, டீக்கடையில் திறந்த வாயா? வேலைநிறுத்தம் ஆரம்பித்துப் பத்தாம் நாள், வீட்டில் அரிசிப் பானை காலியாகும்போது இதற்குப் பதில் தெரிந்துவிடும். மனம் ஒப்பித் தூக்கிய கை நிற்கும். மற்றவர்களைப் பார்த்துத் தூக்கிய கை இறங்கிவிடும்.

ஆகவே நாம் இன்று சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். ஏகமனது வேறு, ஒற்றுமை வேறு. வாதாடிப் பெறாத ஏகமனது ஒற்றுமையை வளர்ப்பதில்லை. அதை உள்ளேயிருந்து அரித்துவிடுகிறது. இது நம் ஊர்க் கூட்டங்களுக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. படித்தவர்களையும் இது பிடிக்கும், வல்லரசுகளையும் பிடிக்கும். நம்முடைய சொந்த இயக்கத்தையும் இது பிடித்ததுண்டு. சரித்திரத்திலிருந்தே இதை எடுத்துக் காட்ட விரும்புகிறோம்.

கண் பார்த்தது ஒன்று, வாய் சொன்னது ஒன்று

முதலில் ஒரு பரிசோதனை. அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்று ஒரு மனோதத்துவப் பேராசிரியர் இருந்தார். போலந்து நாட்டின் வார்சா நகரத்தில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவில் குடியேறியவர். 1951-லும் அதை அடுத்த ஆண்டுகளிலும் அவர் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்.

ஒரு அட்டையில் ஒரே ஒரு கோடு. இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள். அந்த மூன்றில் எது முதல் கோட்டின் நீளம் உள்ளது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சிறு பிள்ளைகூடச் சரியாகச் சொல்லிவிடும். தனியாக உட்கார வைத்துக் கேட்டபோது, நூற்றில் ஒரு பதில்கூடத் தவறவில்லை.

ஆனால் ஆஷ் என்ன செய்தார்? ஏழெட்டுப் பேர் கொண்ட குழுவாக உட்கார வைத்தார். அதில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டவர்கள். பெரும்பாலான சுற்றுகளில் அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி, வேண்டுமென்றே, தவறான பதிலைச் சொல்வார்கள். விஷயம் தெரியாத அந்த ஒரு மாணவர் கடைசிக்கு அருகில் உட்கார்ந்திருப்பார். தமக்கு முன்னால் அத்தனை பேரும் குட்டையான கோட்டை ‘இதுதான் சரி’ என்று சொல்வதை அவர் கேட்கிறார். தம் கண்ணுக்கு எதிரே இருப்பதையும் பார்க்கிறார். அவர் முறை வருகிறது. என்ன சொன்னார்?

இப்படிச் சோதிக்கப்பட்டவர்கள் 123 பேர். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறான பதிலைச் சொன்னார்கள். மொத்தப் பதில்களைக் கணக்கெடுத்தால், நூற்றுக்குச் சுமார் 37 தவறு! அங்கே போலீஸ் இல்லை, அடியாள் இல்லை. வேலை போய்விடும் என்ற பயமும் இல்லை. இருந்ததெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் குரல் மட்டும்தான்.

பிறகு அவர்களை விசாரித்தார் ஆஷ். “இத்தனை பேர் சொல்கிறார்களே, என் கண்தான் பிசகாக இருக்கும் என்று நினைத்தேன்” என்ற பொருளில் சிலர் சொன்னார்கள். தவறு என்று தெரிந்தும், தனித்து நிற்க மனமில்லாமல் கூடச் சொன்னவர்களும் இருந்தார்கள்.

தோழர்களே, ஒரு கோட்டின் நீளத்துக்கே இந்தக் கதியானால், போராடுவதா சமாதானமாவதா, இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதா கூடாதா என்பது போன்ற பெரிய கேள்விகளில் மனிதர்கள் எப்படி இருப்பார்கள்? யோசித்துப் பாருங்கள்.

ஆனால் இந்தச் சோதனையின் மறுபாதியும் இருக்கிறது. அதுதான் நமக்கு மிக முக்கியம். ஆஷ் இன்னொரு ஏற்பாடு செய்தார். அந்தக் குழுவில் ஒரே ஒருவரை மட்டும் சரியான பதிலைச் சொல்ல வைத்தார். ஒரே ஒரு துணை! உடனே நிலைமை மாறிவிட்டது. தவறான பதில்கள் முன்பிருந்ததில் கால் பங்காகக் குறைந்துவிட்டன. வாயால் சொல்லாமல் தனியாக எழுதிக் காட்டச் சொன்னபோதும் தவறுகள் வெகுவாகக் குறைந்தன.

இதிலிருந்து தெரிவது என்ன? தனி ஆளாக எழுந்து பேசுகிறவர் கூட்டத்தை உடைக்கிறார் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அவர், வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பலருடைய கண்களையும் காப்பாற்றுகிறார்!

வாஷிங்டனில் ஒரு அறை

அடுத்தபடியாக, சோதனைச் சாலையிலிருந்து அரசியலுக்கு வருவோம்.

1959 ஜனவரி 1-ம் தேதி கியூபாவில் புரட்சி வென்றது. சர்வாதிகாரி பாடிஸ்டா ஓடிப்போனான். பிடல் காஸ்ட்ரோவின் தலைமையில் புதிய ஆட்சி ஏற்பட்டது. அமெரிக்க ஏகாதிபத்தியத்துக்கு இது பொறுக்கவில்லை. நாட்டைவிட்டு ஓடிவந்த கியூபாக்காரர்களை சி.ஐ.ஏ. திரட்டியது. குவாதமாலாவில் வைத்துப் பயிற்சி கொடுத்தது. 1961 ஜனவரியில் பதவியேற்ற ஜனாதிபதி கென்னடி அந்தத் திட்டத்துக்குச் சம்மதம் கொடுத்தார். 1961 ஏப்ரல் 17-ம் தேதி சுமார் 1,400 பேர் பன்றி வளைகுடாவில் இறங்கினார்கள்.

என்ன நடந்தது? மூன்றே நாளில் எல்லாம் முடிந்தது! கியூபாவின் படையும் மக்கள் சேனையும் அவர்களை மடக்கிப் பிடித்தன. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கைதியானார்கள். உணவும் மருந்தும் ஈடாகக் கொடுத்து 1962 டிசம்பரில் அவர்களை மீட்க வேண்டியதாயிற்று.

கியூபா மக்களின் வீரம்தான் இந்த வெற்றிக்குக் காரணம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் வேறொரு கேள்வியும் உண்டு. வாஷிங்டனில் அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் மூடர்கள் அல்ல. பெரிய பெரிய பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள். யுத்தம் நடத்திப் பழகிய தளபதிகள். அப்படிப்பட்டவர்கள் இவ்வளவு ஓட்டைத் திட்டத்தை எப்படி நம்பினார்கள்?

ஓட்டை என்றால் சாதாரண ஓட்டை அல்ல. நம் ஆட்கள் இறங்கியதும் கியூபா மக்கள் காஸ்ட்ரோவுக்கு எதிராக எழுவார்கள் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். மக்களில் பெரும்பாலோர் காஸ்ட்ரோ பக்கம் இருக்கிறார்கள் என்று 1960-லேயே ஒரு அமெரிக்கர் நடத்திய கருத்துக் கணிப்பு காட்டியிருந்தது. அதை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. தோற்றுப்போனால் எஸ்காம்ப்ரே மலைக்குள் புகுந்து கொரில்லாச் சண்டை நடத்தலாம் என்றார்கள். முதலில் குறித்திருந்த இடத்துக்கு அந்த மலை பக்கம். ஆனால் இறங்கும் இடத்தைப் பிற்பாடு மாற்றிவிட்டார்கள். புதிய இடத்திலிருந்து மலை சுமார் 80 மைல். இடையில் பெரிய சதுப்பு நிலம்! படத்தை விரித்து வைத்து ஒரு விவசாயியைக் கேட்டிருந்தால்கூட, “ஐயா, சேற்றைத் தாண்டி எப்படிப் போவீங்க?” என்று கேட்டிருப்பார்.

அப்படியானால் அந்த அறையில் ஒருவருக்குமே சந்தேகம் வரவில்லையா? வந்தது! அதுதான் வேடிக்கை. ஆர்தர் ஷ்லெசிங்கர் என்ற சரித்திரப் பேராசிரியர் ஜனாதிபதிக்கு ஆலோசகராக இருந்தார். இந்தத் திட்டம் கூடாது என்று ஜனாதிபதிக்குத் தனியாக எழுதிக் கொடுத்தார். ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்தபோது வாயைத் திறக்கவில்லை. ஜனாதிபதியின் தம்பி ராபர்ட் கென்னடி அவரைத் தனியே அழைத்து, ஜனாதிபதி முடிவு செய்துவிட்டார், இனி இதைப் பற்றி வற்புறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வில்லியம் புல்பிரைட் என்ற செனட்டர் ஒருவர்தான் ஏப்ரல் 4-ம் தேதிக் கூட்டத்தில் பகிரங்கமாக எழுந்து ஆட்சேபித்தார். அவர் சொன்னதை எடுத்து விவாதித்தார்களா? இல்லை. அப்படியே தாண்டி, மற்றவர்களின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு போனார்கள்.

தோல்விக்குப் பிறகு ஷ்லெசிங்கர், அந்த அறையில் மௌனமாக இருந்ததற்காகத் தம்மையே நொந்துகொண்டு எழுதினார். என்ன பயன்? டீக்கடைப் பெஞ்சுக்கும் வெள்ளை மாளிகைக்கும் அதிகத் தூரமில்லை, தோழர்களே!

இர்விங் ஜானிஸ் என்ற யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் இந்தச் சம்பவத்தையும் இதுபோன்ற வேறு சிலவற்றையும் ஆராய்ந்து 1972-ல் ஒரு நூல் எழுதினார். இந்த நோயை ‘குழு மயக்கம்’ என்று நாம் தமிழில் சொல்லலாம். அதன் அடையாளங்களை அவர் வரிசைப்படுத்தினார். நாம் தோற்கவே மாட்டோம் என்ற இறுமாப்பு. நியாயம் நம் பக்கமே இருக்கிறது, ஆகவே நாம் செய்வதெல்லாம் நியாயம் என்ற எண்ணம். எதிரி முட்டாள், கோழை என்ற அலட்சியம். சந்தேகம் கேட்பவரைத் துரோகி போலப் பார்ப்பது. சந்தேகம் உள்ளவர் தாமாகவே வாயை மூடிக்கொள்வது. மௌனத்தையெல்லாம் சம்மதம் என்று எண்ணுவது. கசப்பான செய்தி தலைவரின் காதுக்குப் போகாமல் வாசலிலேயே காவல் நிற்பது.

இவற்றில் எத்தனை நம் கமிட்டி அறைக்குள்ளும் உண்டு என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

அதே மேஜை, வேறு முறை

எதிரியிடமிருந்தும் கற்றுக்கொள்ள வேண்டும். 1962 அக்டோபரில், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதை அமெரிக்கா கண்டுபிடித்தது. உலகம் அணுயுத்தத்தின் வாசற்படியில் நின்றது. அதே ஜனாதிபதி. ஆலோசகர்களிலும் பலர் அதே ஆட்கள்தான். ஆனால் இந்த முறை கூட்டம் நடத்தும் விதத்தை மாற்றினார்கள்.

தாம் இருந்தால் மற்றவர்கள் மனம்விட்டுப் பேச மாட்டார்கள் என்று ஜனாதிபதி சில கூட்டங்களுக்கு வராமலே இருந்தார். பெரிய பதவி, சின்னப் பதவி என்ற வித்தியாசமில்லாமல் பேசினார்கள். இரண்டு குழுவாகப் பிரிந்து, தனித்தனியாகத் திட்டம் எழுதி, ஒருவர் எழுதியதை இன்னொருவர் கிழித்துக் காட்டினார்கள். ஆரம்பத்தில் பலரும் உடனே குண்டு போட வேண்டும் என்றுதான் நினைத்தார்கள். விவாதிக்க விவாதிக்க அதன் ஆபத்து தெரிந்தது. கடைசியில் கடலில் தடை போடுவது, பேச்சுவார்த்தைக்கு வழி விடுவது என்ற முடிவுக்கு வந்தார்கள். அக்டோபர் 28-ம் தேதி குருஷேவ் ஏவுகணைகளை எடுத்துக்கொள்வதாக அறிவித்தார். கியூபா மீது படையெடுக்க மாட்டோம் என்று அமெரிக்கா வாக்குக் கொடுத்தது. துருக்கியில் வைத்திருந்த தன் ஏவுகணைகளையும் ரகசியமாக ஒப்புக்கொண்டு பிறகு அகற்றியது.

அந்த மனிதர்களின் வர்க்கம் மாறவில்லை, நோக்கம் மாறவில்லை. விவாதம் நடத்தும் முறை மாறியது. அதனாலேயே முடிவும் மாறியது.

63 பேரில் 15

இனி நம் இயக்கத்தின் சரித்திரத்துக்கு வருவோம். தலைவர் சொன்னால் எல்லோரும் கை தூக்குவதுதான் புரட்சிக் கட்சியின் கட்டுப்பாடு என்று நினைப்பவர்கள் 1918-ம் ஆண்டைப் பார்க்கட்டும்.

சோவியத் ஆட்சி பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜெர்மன் படை எல்லையில் நிற்கிறது. சொந்தப் படை களைத்துச் சிதறிக் கிடக்கிறது. ஜெர்மனி கேட்கும் கொடிய நிபந்தனைகளை ஏற்றுச் சமாதானம் செய்துகொள்வதா, புரட்சி யுத்தம் நடத்துவதா என்பது கேள்வி. சமாதானம் செய்துகொள்ள வேண்டும் என்றார் லெனின். 1918 ஜனவரியில் கட்சியின் முக்கிய ஊழியர்கள் 63 பேர் கூடி வாக்கெடுத்தார்கள். யுத்தமே வேண்டும் என்றவர்கள் 32 பேர். யுத்தமும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம் என்ற டிராட்ஸ்கியின் நிலைக்கு 16 பேர். லெனினுக்குக் கிடைத்தது எவ்வளவு தெரியுமா? 15!

புரட்சிக்குத் தலைமை தாங்கிய மனிதர், தம் சொந்தத் தோழர்களின் கூட்டத்தில் கடைசி இடத்தில் நின்றார். அவர் சொன்னதை யாரும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. அவரும் அப்படி எதிர்பார்க்கவில்லை. எழுதினார், வாதாடினார். எதிர்த்தவர்களும் எழுதினார்கள், வாதாடினார்கள். பிப்ரவரியில் ஜெர்மன் படை முன்னேறத் தொடங்கியது. யார் சொன்னது சரி என்பதை நடைமுறை காட்டிவிட்டது. பிப்ரவரி 23-ம் தேதி மத்தியக் கமிட்டியில் தம் நிலையை ஏற்காவிட்டால் பதவி விலகுவேன் என்றுகூட லெனின் சொல்ல வேண்டியிருந்தது. அப்போதும் கிடைத்தது 7 வாக்கு, எதிராக 4, நடுநிலை 4. மார்ச் 3-ம் தேதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதற்குப் பிறகும் எதிர்ப்பாளர்கள் தங்கள் பத்திரிகையில் பகிரங்கமாக எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பாருங்கள், இங்கே ஏகமனது எங்கே இருந்தது? எங்கும் இல்லை. ஆனால் அந்த ஆட்சி பிழைத்தது!

ஓட்டெடுப்பினால் கோதுமை விளையாது

இதே இயக்கம் விவாதத்தின் கதவை மூடியபோது என்ன ஆயிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மறைத்தால் பாடம் கிடைக்காது.

நிக்கலாய் வாவிலோவ் என்று ஒரு சோவியத் விஞ்ஞானி. 1887-ல் பிறந்தவர். உலகத்தின் நான்கு மூலைக்கும் போய்ப் பயிர் விதைகளைச் சேகரித்தவர். லெனின்கிராடில் அவர் அமைத்த விதைக் களஞ்சியம் அந்தக் காலத்தில் உலகிலேயே மிகப் பெரியது. நாஜிகள் அந்த நகரத்தை முற்றுகையிட்டபோது, அங்கிருந்த விஞ்ஞானிகள் பலர் பட்டினியால் மாண்டார்கள். சுற்றிலும் நெல்லும் கோதுமையும் பயறும் மூட்டையாக இருந்தன. விதையைத் தின்னக் கூடாது என்று அவர்கள் தொடவில்லை.

அதே காலத்தில் டிரோபிம் லைசென்கோ என்று இன்னொருவர் மேலே வந்தார். விவசாயிக் குடும்பத்தில் பிறந்தவர். விதையை நனைத்துக் குளிரில் வைத்தால் விளைச்சலைப் பெருக்கலாம், பயிரின் குணத்தையே மாற்றிவிடலாம் என்றார். பரம்பரைக் குணத்தைக் கொண்டுசெல்லும் மரபணு என்பதே பொய் என்றார். பஞ்சத்தில் அடிபட்ட நாட்டுக்கு அந்தப் பேச்சு இனிப்பாக இருந்தது. விஞ்ஞானிகள் ஆதாரம் கேட்டார்கள். ஆதாரம் கேட்டவர்களுக்குப் பட்டம் கொடுக்கப்பட்டது: பூர்ஷ்வா விஞ்ஞானி, மக்கள் விரோதி! 1940 ஆகஸ்டில் வாவிலோவ் கைது செய்யப்பட்டார். 1943 ஜனவரி 26-ம் தேதி சரட்டோவ் சிறையில் மாண்டார். உலகத்துக்கே உணவு தேடிய மனிதர் பட்டினியில் மெலிந்து செத்தார்.

1948 ஆகஸ்டில் விவசாய விஞ்ஞானக் கழகத்தின் கூட்டம் நடந்தது. லைசென்கோ அறிக்கை படித்தார். சிலர் துணிந்து எதிர்த்துப் பேசினார்கள். கடைசி நாளன்று லைசென்கோ எழுந்து, மத்தியக் கமிட்டி தம் அறிக்கையைப் பரிசீலித்து ஏற்றுக்கொண்டுவிட்டது என்று அறிவித்தார். அந்த அறிக்கையை ஸ்டாலினே திருத்திக் கொடுத்திருந்தார் என்பது பிற்காலத்தில் ஆவணங்களிலிருந்து வெளிவந்தது. அப்புறம் என்ன? கைதட்டல்! முன்பு எதிர்த்துப் பேசியவர்களில் சிலர் எழுந்து, நாங்கள் சொன்னது தவறு என்று வாக்குமூலம் கொடுத்தார்கள். மரபியல் பாடம் பல்கலைக்கழகங்களிலிருந்து நீக்கப்பட்டது. பலர் வேலை இழந்தார்கள்.

கூட்டத்தில் ஏகமனது கிடைத்துவிட்டது. ஆனால் கோதுமைக்கு அந்தத் தீர்மானம் தெரியாதே! மண்ணும் விதையும் தங்கள் விதிப்படிதான் நடந்தன. மற்ற நாடுகளில் மரபியல் அறிவை வைத்து ரகத்தோடு ரகம் ஒட்டிப் புதிய பயிர்களைக் கண்டார்கள். நம் வயல்களில் நாற்று நட்ட பெரியவர்களுக்கு ஐ.ஆர்.8 நெல்லை நினைவிருக்கும். பிலிப்பைன்சில் இரண்டு ரகங்களை ஒட்டி உண்டாக்கி, 1966-ல் வெளிவந்த குட்டை ரகம் அது. சோவியத் நாட்டிலோ உயிரியல் விஞ்ஞானம் பல ஆண்டு பின்தங்கியது. 1955-ல் சுமார் 300 விஞ்ஞானிகள் சேர்ந்து லைசென்கோவின் போக்கை எதிர்த்துக் கட்சித் தலைமைக்குக் கடிதம் எழுதினார்கள். அதன் பிறகும் 1965-ல்தான் மரபியல் நிலையத்தின் தலைமையிலிருந்து அவர் இறக்கப்பட்டார்.

சோஷலிசத்துக்கு இந்த நஷ்டத்தை உண்டாக்கியவர்கள் ஆதாரம் கேட்டவர்களா, அவர்களை வாயடைத்தவர்களா? பதில் சொல்லத் தேவையில்லை.

“எதிரி பார்த்துக்கொண்டிருக்கிறானே!”

இங்கே ஒரு கேள்வி எழும். “இதெல்லாம் சரி. ஆனால் முதலாளி நம்மைப் பிரிக்கக் காத்திருக்கிறான். இந்த நேரத்தில் கூட்டத்துக்குள் சர்ச்சை வளர்த்தால் அவனுக்குத்தானே லாபம்?”

நியாயமான கேள்வி. நம்மிடம் இருப்பது ஒற்றுமை ஒன்றுதான். பணம் அவனிடம், போலீஸ் அவனிடம், பத்திரிகையும் அவனிடம். ஆகவே முடிவு எடுத்த பிறகு ஆளுக்கொரு பக்கம் இழுப்பது தற்கொலைக்குச் சமம். இதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை.

ஆனால் முடிவு எடுப்பதற்கு முன்னால்? அங்கேதான் பேச வேண்டும். நம் திட்டத்தின் ஓட்டையை நம் தோழர் கண்டுபிடித்தால் ஒரு மணி நேரம் செலவாகும். முதலாளி கண்டுபிடித்தால் மூன்று மாதக் கூலி போகும். எதிரி பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதற்காகவே, அவன் கண்ணில் படுவதற்கு முன்னால் நம் கண்ணில் படவேண்டும்!

நூற்பாலையில் நூல் அறுந்தால் என்ன செய்கிறோம்? அறுந்த இடத்தைப் பார்த்து உடனே முடிச்சுப் போடுகிறோம். அறுந்ததைச் சொன்ன தொழிலாளியை யாரும் அடிப்பதில்லை. அறுந்தது தெரியாமல் ஓடவிட்டால் பஞ்செல்லாம் பாழ். கூட்டத்தில் சந்தேகம் கேட்பவரும் அறுந்த இடத்தைத்தான் காட்டுகிறார்.

கருங்காலிகள் கிடையாது என்று நாம் சொல்லவில்லை. உண்டு. ஆனால் கருங்காலி பெரும்பாலும் கூட்டத்தில் எதிர்த்துப் பேசுவதில்லை. அவன் எல்லோருக்கும் முன்னால் கை தூக்கிவிட்டு, இரவில் மானேஜர் வீட்டுக்குப் போகிறான். எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று, “இதில் எனக்கு உடன்பாடில்லை, காரணம் இது” என்று சொல்கிறவன் சங்கத்தை நம்புகிறவன். நம்பாதவன் பேசவே மாட்டான். சந்தாவை நிறுத்திவிட்டுப் போய்விடுவான்.

நாம் செய்ய வேண்டியது

பேசுகிற தைரியத்தை ஒவ்வொருவரிடமும் எதிர்பார்த்துவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. பேசுவதற்கு வசதியான முறையைச் சங்கம் ஏற்படுத்த வேண்டும். சில விஷயங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, தலைவர் கடைசியில் பேச வேண்டும். தலைவர் முதலில் தம் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டு, “யாருக்காவது ஆட்சேபணை உண்டா?” என்று கேட்டால், அது கேள்வியல்ல, உத்தரவு. பிரச்சினையை மட்டும் விளக்கிவிட்டு, புதிதாகச் சேர்ந்த தோழரிடமிருந்து தொடங்கட்டும்.

இரண்டாவது, பின் வரிசையைக் கேட்க வேண்டும். பெண் தொழிலாளர்கள் சுவரோரம் உட்கார்ந்திருப்பார்கள். சேரியிலிருந்து வந்த தோழர் வாசல் பக்கம் நிற்பார். தலைமுறை தலைமுறையாக ‘வாயை மூடு’ என்று சொல்லப்பட்டவர்களின் மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது அநியாயம். வேலைநிறுத்தம் எத்தனை நாள் தாங்கும் என்பது மேடையில் இருப்பவரைவிட, அடுப்பு மூட்டுகிற பெண்ணுக்கு நன்றாகத் தெரியும். கடைக்காரர் எவ்வளவு கடன் கொடுப்பார், வீட்டில் எவ்வளவு தானியம் இருக்கிறது என்ற கணக்கு அவரிடம்தான் இருக்கிறது. அந்தக் கணக்கு இல்லாமல் எடுக்கும் முடிவு முடிவே அல்ல.

மூன்றாவது, பெரிய முடிவு எதுவானாலும் அதற்கு எதிராகப் பேச இரண்டு தோழர்களைக் கமிட்டியே நியமிக்க வேண்டும். “இது தோற்குமானால் எதனால் தோற்கும்?” என்று யோசித்துச் சொல்வது அவர்கள் வேலை. அதற்காக யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. சங்கம் கொடுத்த வேலை அல்லவா!

நான்காவது, வேலைநிறுத்தம், ஒப்பந்தம் போன்ற வாழ்வா சாவா விஷயங்களில் ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். பக்கத்தில் இருப்பவரின் கையைப் பார்த்துத் தூக்குகிற கை சீட்டில் குறி போடாது. அப்போதுதான் நம் உண்மையான பலம் நமக்குத் தெரியும். நூற்றுக்கு அறுபது என்று தெரிந்துகொண்டு போராடுவது, நூற்றுக்கு நூறு என்று ஏமாந்து போராடுவதைவிட மேல்.

ஐந்தாவது, எதிர்த்தவர்களின் காரணங்களையும் மினிட்டில் எழுத வேண்டும். போராட்டம் முடிந்ததும், வென்றாலும் தோற்றாலும், அதை எடுத்துப் படிக்க வேண்டும். அவர் சொன்னது சரியாக இருந்தால் சங்கம் பகிரங்கமாக ஒப்புக்கொள்ள வேண்டும். தவறாக இருந்தால் அவரும் தெரிந்துகொள்வார்.

ஆறாவது, ஆளைத் தாக்கக் கூடாது. ‘நீ யாருடைய ஆள்?’ என்ற கேள்வியைக் கூட்டத்தில் அனுமதிக்கக் கூடாது. ‘நீ சொல்வதற்கு ஆதாரம் என்ன?’ என்ற கேள்வியை மட்டும் அனுமதிக்க வேண்டும்.

எதிர்த்துப் பேசும் தோழருக்கும் கடமை உண்டு. கூட்டத்தில் பேசாமல் இருந்துவிட்டு வெளியே புலம்பக் கூடாது. கணக்கோடு பேச வேண்டும். வெறும் கசப்போடு அல்ல. மாற்று வழி தெரிந்தால் சொல்ல வேண்டும். முடிவு தமக்கு எதிராகப் போய்விட்டால், மறுநாள் காலையில் ஆலை வாசலில் மற்றவர்களோடு தோளோடு தோள் சேர்ந்து நிற்க வேண்டும். தம் கருத்தை விட்டுவிட வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடியும் எழுந்து சொல்லலாம். அதற்குச் சங்கம் இடம் கொடுக்க வேண்டும். விவாதிக்கும்போது முழுச் சுதந்திரம், செயலில் இறங்கும்போது முழு ஒற்றுமை. இரண்டும் ஒரே வண்டியின் இரண்டு சக்கரங்கள். ஒன்றைக் கழற்றிவிட்டு வண்டி ஓட்ட முடியாது.

தோழர்களே! முதலாளிக்குக் கை தூக்கும் தொழிலாளி போதும். மிராசுதாருக்குத் தலையாட்டும் கூலியாள் போதும். யோசிக்கிற மனிதன் அவர்களுக்கு வேண்டாம். சங்கத்துக்கோ யோசிக்கிற மனிதன்தான் வேண்டும். ஆலையிலும் பண்ணையிலும் ஆயுள் முழுவதும் வாயைக் கட்டிவைத்துப் பழகிய நம் மக்களுக்கு, வாய் திறந்து பேச உலகத்தில் ஒரே ஒரு இடம் உண்டென்றால், அது சங்கக் கூட்டமாக இருக்க வேண்டும்.

அடுத்த மாதம் கூலிக் கோரிக்கை பற்றி ஒவ்வொரு கிளையிலும் கூட்டம் நடக்கப் போகிறது. தீர்மானத்தை முன்மொழிய ஆள் இருக்கிறது, வழிமொழிய ஆள் இருக்கிறது. அதிலுள்ள ஓட்டையைச் சொல்ல இரண்டு பேரை இன்றைக்கே தேர்ந்தெடுங்கள். அவர்கள் பேசி முடிக்கும் வரை யாரும் குறுக்கிட வேண்டாம். அதற்குப் பிறகு வாக்கெடுங்கள்.